கணுக்கால் ஆழத்துச் செடி

குளத்தங்கரைக்குச் செடி வாங்க வருகிறவர்கள் முதலில் பூவைத்தான் கேட்பார்கள், மேடம். அல்லி இருக்கிறதா, தாமரை இருக்கிறதா, என்ன நிறம், எப்போது பூக்கும் என்று அடுக்குவார்கள். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. வீட்டு வாசலில் குளம் இருக்கும், அதில் ஒரு நாளாவது கால் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் ஸ்டேஷன் வாசலில்கூட ஒரு தொட்டியில் அல்லி வைத்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் வெயில் விழாது. இலைதான் வரும். கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

நான் நிதானமாகவே சொல்கிறேன். எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம். செடியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

கரைக்குப் படிகள் உண்டு. மேட்டில் ஈரச் சேறு இருக்கிற இடத்தில் வல்லாரை படரும். கணுக்கால் தண்ணீரில் நீர்ப்பிரம்மி. முழங்கால் அளவுக்குக் கோரை. இடுப்பளவுக்குச் சம்பு நிற்கும். அதற்கும் அப்பால் அல்லி, இலை மட்டும் மேலே மிதக்கும். ஒவ்வொன்றும் தன் ஆழத்தில்தான் நன்றாயிருக்கும். பழகினவர்களுக்குக் கம்பு விட்டு ஆழம் பார்க்கிற வேலையே இல்லை. எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும், எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று தெரிந்துவிடும். ஜெயஸ்ரீ அப்படிப் பழகினவள். பழக்கியது நான்.

அவளும் நானும் ஒரே காலேஜில் ஒரே பெஞ்சில் தாவரவியல் படித்தோம். அவள் திருவொற்றியூர், நான் ராயபுரம். என் அப்பா கஸ்பார் காசிமேட்டிலிருந்து லாஞ்சில் கடலுக்குப் போனவர். எங்கள் வீட்டில் ஆணென்ன பெண்ணென்ன, நீந்தத் தெரியாத ஆள் கிடையாது. ஜெயஸ்ரீக்கு நீச்சல் வராது. தண்ணீரைப் பற்றி அத்தனை படித்தவள், அத்தனை குளத்துத் தண்ணீரைச் சோதித்தவள், இறங்கும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொள்வாள்.

“கால் வெக்கலாமாடி?” என்று கேட்பாள்.

“நீர்ப்பிரம்மி மேல வெய்யி. ஒண்ணும் ஆவாது” என்பேன்.

அப்படித்தான் எங்கள் தொழில் நடந்தது. குளம், ஏரி, ஓடை, எந்தக் கரையானாலும் செடி வைத்துக் கொடுப்போம். ஆட்களிடம் பேசுவது, வேலை பிடிப்பது, தண்ணீர் சோதிப்பது எல்லாம் அவள். செடி நான். திருவொற்றியூரில் அவள் வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் தொட்டிகள் கட்டி நாற்று வளர்த்தோம். அவள் புருஷன் ரகுபதி வேலை முடிந்து வந்ததும் எங்கள் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு அந்தக் குறை தெரியாமல் அந்த வீடு பார்த்துக்கொண்டது. இதையும் எழுதிக்கொள்ளலாம். அவள் எனக்குச் செய்த நல்லதை நான் மறைக்கவில்லை.

எண்ணூரில் உப்பங்கழியோரம் செடி வைக்கிற வேலை வந்தது. அங்கிருந்த ஓர் ஆலை செலவை ஏற்றுக்கொண்டது. குப்பத்தில் ஆள் சேர்த்துக் கொடுத்தவள் கெங்கம்மா. கழியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைக் கையால் தடவி எறா பிடிக்கிறவள். குப்பத்தை ஒட்டிய ஓடை சாம்பல் சேர்ந்து பல வருஷமாக அடைத்துக் கிடந்தது, அங்கே எறா வருவதில்லை. பிடித்ததைப் போட ஓலைப்பையைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள், அதனால் எங்களோடு பேச வேண்டுமென்றால் முதலில் பையை எடுக்க வேண்டும். பையை எடுத்தாள் என்றால் திட்டப் போகிறாள் என்று அர்த்தம்.

அந்தக் கரைக்கு நான் செடி தேர்ந்தெடுத்ததை இப்போதும் எந்தக் கூட்டத்திலும் வைத்து விளக்குவேன். உப்பு எவ்வளவு, ஏற்றத் தண்ணீர் எதுவரை வரும், சாம்பல் படிந்த மண் எங்கே இறுகிக் கிடக்கிறது, எல்லாம் பார்த்தேன். மேட்டில் உப்பு தாங்குகிற உமிரி. அலை தொட்டுப் போகிற சேற்றில் அலையாத்திக் கன்று. குப்பத்து மழைத்தண்ணீர் வந்து விழுகிற மூலையில் மட்டும் கோரை. மழைக்காலம் முடிந்தபோது கரை பச்சையாக நின்றது. கொக்கு வந்தது. நண்டு வளை போட்டது. கெங்கம்மா பையை எடுத்துவிட்டு, திட்டாமல், “ஜோரா கீதும்மா” என்றாள்.

அடுத்த கோடையில் ஆலையின் குழாயிலிருந்து சாம்பல் தண்ணீர் கழியில் விழுந்தது. கை வைத்தால் சுட்டது. முதலில் உமிரி போனது. பிறகு அலையாத்திக் கன்றுகள் இலை ஓரம் கருகி, தண்டு மட்டும் குச்சியாக நின்றன. நான் அவற்றின் நடுவே நடந்தேன். வேரைப் பிடுங்கிப் பார்த்தேன். வெந்திருந்தது. அவித்த கீரைத்தண்டு மாதிரி விரலில் நசுங்கியது. ஜெயஸ்ரீ பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள். அவளும் ஒரு வேரை நசுக்கிப் பார்த்தாள். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கன்றுகள் செத்ததைப் பற்றிய விசாரணைக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதிகாரிகள், ஆலைக்காரர்கள், குப்பத்து ஆட்கள், பத்திரிகைக்காரர்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. நாங்கள் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வெந்த வேர்களை நான் ஒரு கண்ணாடி ஜாடியில் கொண்டுபோயிருந்தேன். ஜெயஸ்ரீ எழுந்து மைக்கை வாங்கினாள். அவள்தான் எப்போதும் பேசுவாள்.

“செடித் தேர்வு தவறு. அந்த மண்ணுக்கு ஒத்துவராத செடியை வெச்சுட்டோம். ஆலைத் தண்ணியாலதான் செத்துச்சுன்னு சொல்ல எங்ககிட்ட ஆதாரம் இல்ல” என்றாள்.

‘வெச்சுட்டோம்’ என்றாள். எங்களில் செடி யார் என்று அந்த மண்டபத்தில் தெரியாதவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜாடி என் மடியில் இருந்தது.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். வேறு இடமில்லை.

“இன்னாடி இது?” என்றேன்.

“இப்ப கேக்காத ஆலிஸு. பேஜாரா கீது. அப்பறம் சொல்றேன்.”

இறங்கியதும் எனக்குப் பிடிக்குமென்று அத்தோ, அந்தப் பர்மா நூடுல்ஸ், வாங்கித் தந்தாள். தள்ளுவண்டி ஓரத்தில் நின்று சாப்பிட்டோம். முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள். நான் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அவள் சொன்ன அந்த ‘அப்பறம்’ வரவேயில்லை.

ஒரு பத்திரிகை, தவறான செடிகளால் பாழான கரை என்று போட்டது. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம் குளம் அமைக்கக் கேட்டிருந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஈரநிலச் செடிகளைப் பற்றி நான் வருஷா வருஷம் நடத்துகிற வகுப்புக்கு வேறொருவரை அழைத்தார்கள். அவர் என் பாடத்தையே நடத்தினார் என்று கேள்விப்பட்டேன். செடி வாங்க வந்த ஒரு பையனின் அம்மா, “இது சாவாதே?” என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள்.

ஜெயஸ்ரீ எப்போதும்போல் வந்தாள், போனாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், முடிந்திருக்கும். கேட்கவில்லை. துரோகம் செய்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு மீன் குழம்பு கொண்டுவந்தாள்.

கொஞ்ச நாளில் அதே ஆலைக்காரர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். மணலி புதுநகர்ப் பக்கம் அவர்கள் ஆட்களுக்குக் கட்டிய குடியிருப்பில் ஒரு குளம், அதன் கரையைச் சரிசெய்து தர வேண்டும். அன்றைக்கு எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். என்னை விற்று வாங்கிய குளம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

“நீதான் செடி பாக்கணும் தோஸ்து. எனக்கு வேற யாரு கீறாங்கோ?” என்றாள்.

பார்க்கிறேன் என்றேன்.

அது குளமே இல்லை, மேடம். குடியிருப்பு கட்டும்போது மண் எடுத்த பள்ளம். கிழக்குப் பக்கம் கரையிலிருந்து ஒரு எட்டு வைத்தால் காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. என் சவுக்குக் கம்பு முழுக்க இறங்கியும் தரை தட்டவில்லை, கருஞ்சேற்றில் புதைந்து நின்றது. பிடுங்கச் சிரமப்பட்டேன். இப்படிப்பட்ட கரைக்கு என்ன வைக்க வேண்டும் என்று முதல் வருஷம் படிக்கிற பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மேட்டில் தாழை, முள் இருப்பதால் ஆள் நெருங்காது. ஓரத்தில் சம்பை அடர்த்தியாக வைக்க வேண்டும். உயரமாக, நெருக்கமாக, பார்த்தவுடன் இங்கே இறங்காதே என்று சொல்கிற செடிகள்.

நான் நீர்ப்பிரம்மியைத் தேர்ந்தெடுத்தேன்.

நீர்ப்பிரம்மிக்கு ஒரு குணம் உண்டு. பிடிமானம் கிடைத்தால் மிதக்கிற பாயிலும் அப்படியே படரும். தென்னை நார்ப் பாய் வாங்கி, அடியில் தெர்மாகோல் துண்டுகளை வைத்துத் தைத்து, பள்ளத்தின் மேல் விரித்தேன். ஒரு ஓரத்தைக் கரைச் சேற்றில் புதைத்தேன், எங்கே மண் முடிகிறது, எங்கே பாய் தொடங்குகிறது என்று தெரியாதபடிக்கு வல்லாரையை அதன்மேல் ஏற்றிவிட்டேன். மிதக்கிற பாய் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று காவலாளியிடம் சொன்னேன், அது உண்மையும்கூட. ஓரம் முழுக்க மண் கொட்டிப் படி அமைத்துவிட்டேன், ஆழம் நடுவில்தான் என்று ஜெயஸ்ரீயிடம் சொன்னேன். அது உண்மையில்லை.

மழை நன்றாகப் பெய்தது. பாய் கண்ணுக்கே தெரியாமல் மூடிவிட்டது. சின்னச் சின்ன வெள்ளைப் பூ. கொக்கு வந்து நின்றது, தாங்கியது. ஆள் எடை தாங்காது. அதைக் கம்பால் அழுத்தி நானே பார்த்துக்கொண்டேன்.

குழந்தைகளைப் பற்றி யோசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். யோசித்தேன். சுற்றிலும் உயரமான வேலி, வாசலில் பூட்டு. சாவி எங்கள் இருவரிடமும் காவலாளியிடமும்தான். ஓட்டை எங்காவது இருக்கிறதா என்று வேலியைச் சுற்றி நடந்து பார்த்தேன், ஓர் இடத்தில் கம்பி தளர்ந்திருந்தது, என் கையாலேயே முறுக்கிக் கட்டினேன். நான் பொறுப்பில்லாதவள் இல்லை.

ஜெயஸ்ரீ வாராவாரம் பாட்டிலோடு வருவாள். மேற்குப் பக்கத்துச் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு போவாள். செடி பிடித்ததும் கிழக்குப் பக்கத்துத் தண்ணீரையும் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

அதை எடுக்க அவள் வருவதாக இருந்த வாரத்தில்தான் கெங்கம்மா நாற்றங்காலுக்கு வந்தாள். ஒரு பையில் எறா கொண்டுவந்திருந்தாள். அவள் எறாவைச் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை.

“ஓடையில எறா வந்துகினு கீது ஆலிஸு. எத்தினி வருசம் ஆச்சு” என்றாள். “தூர் வாரிட்டானுங்கோ. அந்தச் சுடுதண்ணிக் கொழாயையும் அப்பால திருப்பி வுட்டானுங்கோ.”

நல்லது என்றேன்.

“உனுக்கு இன்னும் அது சொல்லல போல கீது.”

“எது?”

கெங்கம்மா கீழே உட்கார்ந்தாள். “செடி செத்ததுக்கு ஆல காரணம்னு சொல்லாம இருந்தா ஓடையத் தூர் வாரித் தர்றோம்னு ஜெயாகிட்ட சொன்னானுங்கோ. கேஸு கோர்ட்டுன்னு போனா எங்க காலத்துக்கும் ஓட தொறக்காது, உனுக்கே தெரியும். அது என் வூட்டாண்ட வந்து குந்திக்கினு அழுதுச்சு. ஆலிஸு செடிய தப்புன்னு நான் எப்டிச் சொல்லுவேன், அது தாங்காதேன்னு அழுதுச்சு. நான்தான் சொல்லச் சொன்னேன். எங்க வவுத்துக்காகச் சொல்லுன்னு கால்ல வுழுந்தேன். ஓட வேல முடிஞ்சதும் உன்கிட்ட சொல்றேன்னுச்சு. இன்னும் சொல்லலியா?”

இல்லை என்றேன்.

“பயந்துகினு கீது. நீயே கேளேன். திட்டாத.”

அவள் போன பிறகு எறாவை உரித்துக் கழுவித் தொக்கு செய்தேன். நன்றாக இருந்தது. சுத்தமான தண்ணீரில் வளர்ந்த எறாவுக்கு ஓர் இனிப்பு இருக்கும்.

ஆமாம், மேடம். அது நடப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். அதைத்தான் நீங்கள் இவ்வளவு நேரம் கேட்கக் காத்திருந்தீர்கள்.

அது நடந்த அன்று காலையில் பாயை அறுத்துவிடலாம் என்றுதான் போனேன். அரிவாளும் எடுத்துப் போனேன். நீங்கள் நம்ப வேண்டும் என்று சொல்லவில்லை. கரையில் நின்று எந்த இடத்தில் அறுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகாகப் பிடித்திருந்தது, உடனே கை வரவில்லை. அதற்குள் ஜெயஸ்ரீ வந்துவிட்டாள். பச்சைச் சுடிதார், கையில் பாட்டில்.

வந்து நின்று பார்த்தாள். “மெத்த மாதிரி கீதுடி” என்றாள். முகம் மலர்ந்துபோயிருந்தது. அவள் பொய்யாகச் சிரிக்கத் தெரியாதவள். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

“இந்த தபா கரெக்டா செலக்ட் பண்ட்டடி.”

இந்த தபா.

அவள் அதை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாள். வாயில் வந்ததைச் சொன்னாள். ஆனால், ஊரார் முன்னால் சொன்ன ஒரு பொய்யைத் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் அவளே அதை நம்பிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. எந்த வேரை அவள் விரலில் நசுக்கிப் பார்த்தாளோ அதை மறந்துவிட்டாள்.

பிறகு தோளிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

“கால் வெக்கலாமாடி?”

“வெய்யி” என்றேன்.

ஒரு வார்த்தைதான். நான் அவளைத் தள்ளவில்லை. என் கைரேகை எங்கேயும் இருக்காது.

அவள் நீர்ப்பிரம்மி எங்கே அடர்த்தியோ அங்கே பார்த்துக் காலை வைத்தாள். முதல் கால் நின்றது, அது புதைத்த ஓரம். இரண்டாவது கால் போனது. பாய் அவள் எடையில் பிளந்து உள்ளே இறங்கி, அவள் தலைக்கு மேல் மறுபடி கூடியது. கைகள் மட்டும் கொடிகளைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தன. கொத்துக் கொத்தாகப் பிடித்தாள். வேர் நன்றாகத்தான் பிடித்திருந்தது, ஆனால் அந்த வேருக்குக் கீழே மண் இல்லையே. ஒரு தடவை முகம் வெளியே வந்தது. ஆலிஸு என்றாள். அப்போதுகூட நான் காப்பாற்றுவேன் என்றுதான் நினைத்தாள், குரலில் தெரிந்தது.

சவுக்குக் கம்பு வேலியில் சாத்தியிருந்தது, கை நீட்டினால் எட்டும். நீந்தத் தெரியும் என்று முன்பே சொன்னேன். நான் நின்றேன். செடிகள் அசைவது நிற்கும்வரை நின்றேன். அதன் பிறகு காவலாளியைக் கூப்பிட்டேன். நன்றாகக் கத்தித்தான் கூப்பிட்டேன்.

அவளை மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது ரகுபதி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “கடைசியில நீயாவது கூட இருந்தியேம்மா” என்றார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீங்களும்தான். விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். நானும் நாற்றங்காலைத் திறந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று அந்தக் குடியிருப்பில் விசாரித்த குழுவின் அறிக்கை வந்தது. ஆழமான கரைக்கு அனுபவமில்லாமல் தவறான செடியைத் தேர்ந்தெடுத்ததே மரணத்துக்குக் காரணம் என்று எழுதியிருந்தார்கள். அனுபவமில்லாமல். அதைப் படித்தேன், கதவைச் சாத்தினேன், பஸ் ஏறி இங்கே வந்தேன்.

அந்த வரியைத் திருத்த வேண்டும், மேடம். அது தவறான செடி இல்லை. அந்த இடத்தில், அந்த ஆளுக்கு, அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான செடி கிடையாது. ஜெயஸ்ரீயை நான் கொன்றேன். யோசித்து, பார்த்துப் பார்த்து வளர்த்து, கொன்றேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கு முன்பே அவள் என்னிடம் வந்து, குப்பத்துக்காக இந்தப் பழியை ஏற்றுக்கொள் என்று கேட்டிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேனா என்று கேட்டீர்கள். மாட்டேன். ஓடை அடைத்தே கிடக்கட்டும், என் செடியைத் தப்பு என்று சொல்லாதே என்றிருப்பேன். அது அவளுக்கும் தெரியும். என்னை அவளைவிட அறிந்தவர்கள் யாரும் இல்லை.

இருந்தாலும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.